திராட்சைத் தோட்டத்துச் சாட்சிகள்

போன மாதம் எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு வீடியோவை அனுப்பியிருந்தார்கள். விபத்து நடந்த இடத்துக்குப் போலீஸ் வராவிட்டால் என்ன செய்வது என்று நன்றாக உடுத்திய ஒருவர் நிதானமாக விளக்குகிறார். பதறாதீர்கள், படம் எடுங்கள், எதிர்வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சாட்சிகளைப் போகவிடாதீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போலீஸ் வரவில்லையே என்று தவிக்கிறவர்களுக்கு அவர் யோசனை சொல்கிறார். வந்துவிடக் கூடாதே என்று தவித்தவர்களுக்குச் சொல்ல அவரிடம் ஒரு வார்த்தை இல்லை.

அப்படித் தவித்தவர்களில் நானும் ஒருத்தி. நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காலாண்டுப் பரீட்சை லீவு. கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து விடிந்தும் விடியாமலும் ஜீப்புகள் கிளம்பும். மலைக்கு மேலே கேரளப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள். அம்மாவும் சித்தியும் அதில்தான் போவார்கள். ஜீப்பை ஓட்டியது அம்மாவின் அண்ணன், என் மாமா. வண்டி அவருடையது இல்லை. முதலாளி வேறு ஊரில் இருந்தார். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் ஒரு கணக்குச் சொல்லும், எஸ்டேட் ஒரு கணக்குச் சொல்லும். எஸ்டேட் கணக்கே நடந்தது. லீவு என்று அடம்பிடித்து அன்றைக்கு நானும் அம்மா மடியில் ஏறிக்கொண்டேன்.

மலை ஏறுவதற்கு முன் ரோடு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும். அங்கே ஒரு திருப்பத்தில், மேலேயிருந்து இறங்கி வந்த வெள்ளைக் கார் தன் பக்கத்தை விட்டு எங்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது. மாமா இடது பக்கம் ஒடித்தார். அப்படியும் கார் ஜீப்பின் மூக்கில் இடித்து, ஜீப் ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சித்தி, கம்பியை விடாமல் பிடித்ததில் கை முறுகிக் கீழே விழுந்தாள்.

மாமா குதித்து இறங்கினார். யாருக்காவது அடியா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"எறங்குங்க, வெரசா எறங்குங்க. அடிபடாதவுக நாலு பேரு இங்கன நில்லுங்க. மத்தவுக தோட்டத்துக்குள்ள போயிருங்க. போலீசு வந்தாகன்னா ஓவர்லோடுன்னு வண்டியத் தூக்கிட்டுப் போயிருவாக."

ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவரவர் பையையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு, கம்பிவேலியைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால்கூட நாங்கள் இத்தனை ஒழுங்காக வரிசையில் போனதில்லை. நெற்றியில் ரத்தம் வந்தவர், முழங்கால் பெயர்ந்தவர், கை முறுகிய சித்தி எல்லோரும் ஒளிய வேண்டும். மேலே ஒரு கீறல்கூட இல்லாதவர்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். விபத்தில் அடிபட்டவர்களை ஒளித்துவைத்து அடிபடாதவர்களைக் காட்டுகிற ஊர் வேறு எங்காவது உண்டா, எனக்குத் தெரியவில்லை.

திராட்சைப் பந்தலுக்கு அடியில் பெரியவர்களால் நிமிர்ந்து நிற்க முடியாது. எல்லோரும் ஈர மண்ணில் குத்தவைத்தோம். முந்தின நாள் மருந்து அடித்திருப்பார்கள் போல, மூக்கு எரிந்தது. சித்தி தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுக்க, அம்மா அதை அவள் வலது மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றினாள். மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது.

"நாம என்னம்மா தப்புப் பண்ணுனோம்?" என்று கேட்டேன்.

"பேசாம இரு."

ஒளிந்திருப்பதால் தப்பு எங்களுடையதுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒன்பது வயதில் வேறு எப்படித் தோன்றும்?

ரோட்டில் கார்க்காரரின் குரல் கணீரென்று கேட்டது. "போலீஸ் வரட்டும். வந்து பார்த்தாத்தான் என் வண்டிய எடுப்பேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பான பக்கத்தில் வந்து இடித்தவர் அவர். போலீசுக்குப் போன் போட்டவரும் அவரே. சட்டம் தன் சொந்தக்காரர் மாதிரி கூப்பிட்டதும் வந்து நிற்கும் என்ற தைரியம் அவருக்கு இருந்தது. ஜீப்பை, மாமாவை, நின்றிருந்த நான்கு பெண்களைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். வீடியோவில் சொன்ன வித்தையெல்லாம் அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடமும் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஜீப் நிறையச் சாட்சிகள் இருந்தோம், பந்தலுக்கு அடியில்.

போலீஸ் வரவில்லை. ஏதோ ஒரு மந்திரி வருகிறாராம், எல்லோரும் பாதுகாப்புக்குப் போயிருக்கிறார்களாம், இதோ வருகிறோம் அதோ வருகிறோம் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியது. ரோட்டில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் பந்தலுக்கடியில் இன்னும் குனிந்துகொண்டோம். நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்திருந்த அக்கா ஒருத்தி வீரபாண்டி அம்மன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா, அவுகள இந்தப் பக்கம் திருப்பி விட்றாத."

கடைசியில் கார்க்காரர் சலித்துப்போய்த் தன் போனை மாமாவிடம் கொடுத்தார். மறுமுனையில் ஸ்டேஷன். மாமா பேசியது தோட்டத்துக்குள் தெளிவாகக் கேட்டது.

"இல்லைங்கய்யா. யாருக்கும் ஒண்ணுமில்லைங்கய்யா. நாலே பேருதாங்கய்யா."

ஆளுக்குச் சேதம் இல்லையென்றால் நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவானது. அவரவர் வண்டியை அவரவர் சரிசெய்துகொள்வது என்று முடிந்தது. போகும்போது கார்க்காரர், "இனிமேலாவது பார்த்து ஓட்டு" என்றார். "சரிங்க சார்" என்றார் மாமா. இன்று நினைத்தாலும் என் வயிறு எரிகிற இடம் இதுதான். மாமாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜீப் போனால் அத்தனை பெண்களுக்கும் வேலை போகும். வராத போலீஸ் எங்களைக் கைவிட்டது. வந்திருந்தாலோ எங்களைத்தான் பிடித்திருக்கும். இதில் எதற்கு ஆத்திரப்படுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்தே ஆத்திரப்படுகிறேன்.

ஆனால் அன்றைக்குத் தோட்டத்துக்குள் ஒரே சந்தோஷம். போலீஸ் வரவில்லை, வண்டி தப்பித்தது. அங்கேயே தூக்குவாளிகளைத் திறந்து சாப்பிட்டோம். அம்மா சித்திக்கு ஊட்டிவிட்டாள். இவ்வளவு பெரிய மனுஷிக்கு ஊட்டுகிறாயே, எனக்கில்லையா என்று நான் வாயைத் திறந்துகொண்டு போனேன்.

சித்தியின் மணிக்கட்டு கோணலாகத்தான் கூடியது. ஏலக்காய் எடுப்பது முழுக்க விரல் வேலை. செடியடியில் குனிந்து, பிஞ்சு போகாமல் முற்றினதை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். சித்தியின் விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. மறு பருவத்தில் எஸ்டேட்டில் அவளை வேண்டாம் என்றுவிட்டார்கள். சித்தப்பா கம்பத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். அந்த ஜீப்பில் உங்கள் வீட்டம்மா வந்ததற்கு என்ன அத்தாட்சி, கார்க்காரர் எடுத்த படத்திலும் இல்லையே, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னீர்கள் என்று வக்கீல் கேட்டார். சித்தப்பா எழுந்து வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சொன்னதை நானே கேட்டேன். அன்று சாயங்காலம் மாமா கூட்டிப்போக, அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சித்தியோடு அம்மாவும் நானும் போனோம். வண்டி விபத்து என்றால் அங்கிருந்தே ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விடும் என்று மாமா சித்தியிடம் வழியிலேயே சொல்லியிருக்கிறார். நான் அப்போது அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சித்தியின் கையைத் தூக்கிப் பார்த்தார். "எப்படிம்மா ஆச்சு?"

"தண்ணிக் குடத்தோட வாசல்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

டாக்டர் அவளுடைய கறை படிந்த நகங்களைப் பார்த்தார், சேலையில் ஒட்டியிருந்த தோட்டத்து மண்ணைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் கட்டுப் போடத் தொடங்கினார்.

சித்தி பொய் சொல்லமாட்டாள். ஒரு சின்னப் பொய்க்கு என் காதைத் திருகியவள் அவள். அப்படியென்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்.

"அம்மா, சித்திக்குத் தலையிலயும் அடிபட்டிருக்கும்மா. கார் வந்து இடிச்சதே மறந்துபோச்சு. தலையையும் பாக்கச் சொல்லும்மா."

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். டாக்டர் தலை நிமிரவில்லை. சித்திதான் கட்டுப் போடாத கையை நீட்டி என் தலையைத் தடவினாள்.

"ஆமாத்தா, மறந்துதான் போச்சு" என்றாள்.

நாளைக்குக் காலையில் சித்திக்கு என்னையும் அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.