பாம்புச்செவியும் எலிப்பேச்சும்

“என் காதுக்குத் தப்பின சத்தம் இந்த உலகத்துல இன்னும் பொறக்கல!” என்று பட்டறை நடுவே நின்று ஒருமுறை பிரகடனம் செய்தார் மெக்கானிக். அன்றிலிருந்து அவருக்குப் பாம்புச்செவி என்று பட்டம். வண்டி வாசலில் திரும்பும்போதே, “பேரிங் போச்சு” என்பார். பாதி வண்டிகளில் அது சரியாக இருக்கும். மீதி வண்டிகளில், சரியாகும்வரை கழற்றுவார்.

அப்பேர்ப்பட்ட செவிக்கு வீட்டில் மரியாதை கிடையாது. மச்சினி இரண்டு வெள்ளை எலிகளைக் கூண்டில் வளர்த்தாள்.

“ரெண்டும் ஓயாம பேசிக்குது அத்தான். கிச்சுகிச்சு மூட்டினா சிரிக்கக்கூடச் செய்யுது. நம்ம காதுக்குத்தான் எட்டாது.”

“உன் காதுக்கு எட்டாதுன்னு சொல்லு.”

கூண்டில் காதை ஒட்டினார். எலிமீசை உரசியதோடு சரி. “ஊமைங்க,” என்று தீர்ப்பு வழங்கினார்.

அந்த வாரம் சமையலறையில் அழையாத எலி ஒன்று சோப்பைக் கடித்துவிட்டது. அவர் மின்சார எலிவிரட்டி வாங்கிவந்து, கூண்டுக்குப் பின்னாலிருந்த ப்ளக்கில் செருகினார். மனிதருக்குக் கேட்காத சத்தத்தால் எலியை விரட்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. காதைக் கொடுத்தார். மூச்சில்லை.

“சத்தமே இல்லாத சத்தமாம்! யார் காதுல பூ சுத்துறான்?”

வாங்கியது வாங்கியாயிற்று, அதன் பச்சை வெளிச்சமாவது இருட்டில் தண்ணீர்ப் பானைக்கு வழிகாட்டட்டும் என்று விட்டுவிட்டார்.

மறுநாளே வெள்ளை எலிகள் தீனியைத் தொடவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஒடுங்கி மூலையில் கிடந்தன. கிச்சுகிச்சுக்கும் அசையவில்லை. நோய் ஒன்றுமில்லை என்று கைவிரித்தார் கால்நடை டாக்டர்.

“செத்துடும்போல இருக்கு அத்தான்,” என்று மச்சினி அழுதாள்.

“ஊமைங்களுக்கு என்னம்மா கஷ்டம்?” என்றவரின் கண், சொன்ன வாய் மூடுமுன் பச்சை வெளிச்சத்தில் போய் விழுந்தது. எலிக்கு மட்டும் கேட்குமாமே! வாயைத் திறந்தால் மானம் போகும். மூடிக்கொண்டால் எலி போகும். பட்டம் வாங்கியவர் படும் பாடு இதுதான்.

மச்சினி முகம் கழுவப் போன நேரம் பார்த்துக் கருவியைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

சாயங்காலம் ஒரு எலி தானியத்தைக் கொறித்தது. “அத்தான்! சாப்பிடுது!” என்று கத்தினாள் மச்சினி.

“உஷ், மெல்லப் பேசு. அதுங்க ஏதோ பேசிக்கிட்டிருக்கு.”

அவள் பார்வை காலி ப்ளக்குக்குப் போய், அவருடைய புடைத்த பைக்குத் திரும்பியது.

“அப்படியா? என்னவாம்?”

பாம்புச்செவி காதைக் குடைந்துகொண்டார்.