தலைகீழாக எழுதப்பட்ட லிசெட்

அந்த 1964ஆம் வருடக் கோடையில் ஹெர்மினாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மகள் கிசேலா கல்யாணம் ஆகாமலே ஒரு பிள்ளையைப் பெற்று, பீலெஃபெல்ட் நகரத்தில் தனியாக இருந்தாள். மூன்று மாதமாகியும் ஹெர்மினா போய்ப் பார்க்கவில்லை. ரொட்டிக் கடையில் நின்று விற்கிறவள் ஊர் வாய்க்குத் தப்ப முடியுமா? "கிசேலா சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே கருப்பு ரொட்டி வாங்கிப் போனார்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற விசாரிப்பு.

அதனால்தான் வம்சாவளி எழுத உட்கார்ந்தாள். தாங்கள் ஒழுக்கமான குடும்பம் என்று யாரிடமோ நிரூபித்தாக வேண்டும். அப்பா, தாத்தா, செங்கல் சூளைக்காரப் பூட்டன் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள். பூட்டன் பெண்டாட்டி லிசெட் மட்டும் அகப்படவில்லை. ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவள், ஆலயத்தில் முதல் வரிசைக்காரி என்று வீட்டில் அவளைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். பிறந்த பதிவுதான் எங்கும் இல்லை.

புதன்கிழமைதோறும் ஆலய அலுவலகத்துக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினாள். எழுத்தர் கோல்மையர் ஆப்பிள் தின்றுகொண்டே அவள் படுகிற பாட்டை வேடிக்கை பார்ப்பார்.

"எல்லாத்தையும் பாத்துட்டியா, ஹெர்மினா?"

"ஒரு வரி விடல."

"தலைகீழா எழுதினதயும்?"

தகப்பன் பேரில்லாத பிள்ளைகளை அந்தக் காலத்துப் பாதிரிமார் புத்தகத்தைத் திருப்பிவைத்துத் தலைகீழாக எழுதுவார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்ததால்தான் அந்த வரிகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அதுல எங்க ஆளுங்க எதுக்கு இருக்கப் போறாங்க?"

"இல்லேன்னா திருப்பிப் பாக்க என்ன பயம்?"

வீம்புக்குத்தான் திருப்பினாள். 1838, மார்ச். சோஃபி லிசெட். தாய், பண்ணை வேலைக்காரி. தகப்பன் பேருக்கு விட்ட இடம் காலி. முதலில் லிசெட் மேல் கோபம் வந்தது, பிறகு அந்தப் பாதிரி மேல். ஒரு கைக்குழந்தையை இப்படித் தலைகீழாக எழுதி வைக்க அவருக்கு எப்படி மனம் வந்தது? வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் அந்தக் கேள்வி அவளையே திருப்பிக் கேட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சமையலறை மேசையில் தாளை விரித்து லிசெட்டை நேராக எழுதினாள். பிறகு தாளின் கீழ்ப்பக்கம் வந்து, கிசேலாவின் பேருக்கு அடியில் ஒரு கோடு இழுத்தாள். பேனா அங்கேயே நின்றுவிட்டது. ஆண்பிள்ளை என்று தெரியும். பேர் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

கணவன் வில்ஃப்ரீட் ஜன்னலோரம் உட்கார்ந்து காலணி துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்கா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாசம் ரெண்டு தடவ போறேன். புறாப் பந்தயம்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க."

"அதான் கூட்டுல புறாவெல்லாம் பறக்காம கொழுத்துக் கெடக்குதா?"

அவர் தலை நிமிரவில்லை. "பேரு வேணும்னா அங்க போய்க் கேட்டுக்கோ."

அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பேனாவையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பஸ் எத்தன மணிக்கு?" என்றாள்.