பாஸ்குத் திருநாளில் ஒரு வாய் வெல்லத் தண்ணீர்

ஆதியே அன்பே அடியேன் உயிர்க்குணவே
சோதியே போற்றி துணை.

அந்நாள் பாஸ்குத் திருநாள்; ஆண்டவர் கல்லறையை விட்டு எழுந்தருளிய ஞாயிறு. அந்த ஆண்டு சித்திரை பிறந்த கையோடு அத்திருநாளும் வந்து சேர்ந்தது. கிழக்கு வெளுக்கும் முன்பே ஆவடியில் எங்கள் வீட்டு வாசலுக்கு வில்வண்டி வந்து நின்ற ஓசையை இன்று நினைத்தாலும் என் நெஞ்சு துள்ளுகிறது.

வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம் அது. ஆவடியில் ரயில் நின்று போகும். மற்றபடி வயலும் ஏரிக்கரையும்தான். நான் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பித்து வந்தேன். எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் பூசை காண்பதற்குப் பூந்தமல்லிக்குப் போக வேண்டும். நடக்க முடிந்தவர்கள் நடப்பார்கள். அன்று நான் வண்டி பேசியது என் மனைவிக்காக.

தை பிறந்தது முதல் அவள் முறைக்காய்ச்சலில் கிடந்தாள். ஒரு நாள் குளிர் வந்து உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும்; மறுநாள் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொள்வாள்; அதற்கடுத்த நாள் மறுபடியும் பல் கிட்டிக்கொள்ளும். கொயினா என்னும் கசப்பு மருந்தை விழுங்கி விழுங்கி அவள் நாக்குக்கு எந்த உணவும் பிடிக்காமல் போயிற்று. பாஸ்குவுக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலம் முழுவதும் கோயில் வாசலை மிதிக்க முடியவில்லை. அந்த நோய்ப்படுக்கையில் அவள் வேறு எதையும் கேட்டதில்லை. பாஸ்குவன்று கோயிலில் முழந்தாளிட்டு, ஆண்டவரின் உடலாக நாங்கள் ஏற்கும் அப்பமாகிய நற்கருணையை வாங்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் ஆசை. அவ்வாசை அவளைப் பிழைக்க வைத்துக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன்.

இங்கே அக்காலத்துக் கட்டளை ஒன்றைச் சொல்ல வேண்டும். நற்கருணை வாங்குகிறவர் முந்தின நள்ளிரவு முதல் சோறும் தண்ணீரும் தொடலாகாது. ஒரு மிடறு தண்ணீர் போதும், நன்மை என்று நாங்கள் சொல்லும் நற்கருணை அன்றைக்குப் போயிற்று. காலையில் பல் துலக்கும்போது ஒரு துளி உள்ளே இறங்கிவிட்டதோ என்ற ஐயத்தினாலேயே பீடத்தின் முன்னுள்ள கிராதி வரைக்கும் போய்த் திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். டாக்டரோ, நாழிகைக்கு ஒரு தரம் அவளுக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம போலாமே. இன்னும் கொஞ்சம் ஒடம்பு தேறட்டும்" என்று சனிக்கிழமை மாலை சொல்லிப் பார்த்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் கல்லறை தொறக்குமா?" என்று கேட்டாள்.

அந்தப் பயணத்தை என்னவென்று சொல்வேன். கீழ்வானம் குங்குமம் கரைத்ததுபோல் சிவந்து வந்தது. பருத்திப்பட்டு ஏரியில் நாரைகள் ஒற்றைக்காலில் நின்று விடியலை வணங்கின. முதல் பாஸ்குவன்று மகதலா மரியாள் கல்லறைத் தோட்டத்தில் நடந்ததும் இப்படியொரு வெளிச்சத்தில்தானே என்று எண்ணியபோது, காளைகளின் கழுத்து மணிகூட அல்லேலூயா பாடுவதாகவே எனக்குக் கேட்டது. வைக்கோல் மெத்தையில் சாய்ந்திருந்த அவளும் தன் மெலிந்த குரலில் உயிர்ப்புப் பாட்டொன்றை முணுமுணுத்து வந்தாள்.

"வாத்தியாரம்மா பாடறத பாத்தா மாடு ரெண்டும் கோயிலுக்குள்ள பூந்துடும் போல கீது" என்றான் வண்டிக்காரன். அவன் எங்கள் மதத்தினன் அல்லன்; ஆனால் ஆண்டுதோறும் எங்கள் திருநாளுக்கு வண்டி ஓட்டி, எங்கள் வழக்கங்களை எங்களைவிட நன்றாக அறிந்தவன்போலப் பேசுவான்.

கூவத்து மணலில் வண்டி இறங்கி ஏறியபோதுதான் குலுக்கல் அதிகமாயிற்று. காளைகளின் பாரம் குறையட்டும் என்று நான் இறங்கிப் பின்னால் நடந்தேன். சென்னீர்குப்பத்துக் கிணற்றடியை நெருங்கும்போது பாட்டு நின்றுபோயிற்று. வெயில் ஏறிவிட்டது. வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துச் சட்டென்று கயிற்றை இழுத்தான். அவள் தலை ஒரு பக்கமாகத் துவண்டு கிடந்தது.

நான் ஓடிவந்து அவள் பெயரைச் சொல்லி அழைத்தேன், பதில் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், பக்கத்து வயல்காரர் வீட்டவள், குடத்தைப் போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறினாள். முகத்தில் தண்ணீர் அடித்தாள். தன் வீட்டுக்குள் ஓடி ஒரு சொம்புடன் வந்தாள். என் மனைவியின் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, உதட்டை விரலால் பிரித்துச் சொம்பைச் சாய்த்தாள். ஒரு மிடறு இறங்கியது, பின் இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். உயிர் திரும்பட்டும் என்பதற்கு மேல் என் மனத்தில் ஒன்றும் ஓடவில்லை.

என் மனைவி கண் திறந்தாள். உதட்டை நாவால் தடவிப் பார்த்தாள்.

"குடிச்சிட்டேனா?" என்றாள்.

"குட்ச்ச. குடிக்காத இன்னா பண்ணுவ, சாவப் போறியா? பச்சத்தண்ணி இல்ல கண்ணு, வெல்லம் கரைச்சி குட்த்தேன்" என்றாள் அந்தப் பெண், பெருமையோடு.

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

"இன்னாயா இது, வெல்லத் தண்ணி குட்த்ததுக்கு அய்வுறாங்க?"

வண்டிக்காரன் முந்திக்கொண்டான். "உனுக்குத் தெரியாது யக்கா. இன்னிக்கு இவங்க சாமிய நாக்குல வாங்கி முய்ங்குவாங்க. அதுக்கு முன்ன ஒண்ணும் உள்ள போவக்கூடாது. போச்சின்னா சாமி கெடையாது."

"ஏன், வவுத்துல எடம் பத்தாதுன்னு திரும்பிப் போய்டுமா அந்த சாமி?" என்று கேட்டாள் அவள். அழுதுகொண்டிருந்த என் மனைவிக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததனால் மேலும் அழுகை வந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, "உம்மேல கொறை இல்லக்கா. நீ நல்லா இரு" என்றாள்.

"வண்டிய திருப்பட்டா?" என்றான் வண்டிக்காரன்.

"வாணாம். வாங்கத்தான் குடுத்து வெக்கல. பூசையில நன்மைய தூக்கிக் காட்டும்போது பாத்துட்டாவது வரேன்" என்றாள்.

நான் ஒரு யோசனை சொன்னேன். "மயக்கத்துல நடந்தது. உனுக்குத் தெரியாது. கோயில் சாமியார்கிட்ட நான் கேட்டுப் பாக்கட்டா?"

"கேக்காதீங்க. பெரிய திருநா அன்னிக்கு அவரை இக்கட்டுல மாட்டி வுட்டு வாங்கிக்கிற நன்மை எனுக்கு வாணாம். பாவசங்கீர்த்தனம் மட்டும் பண்ணிக்கறேன். அது வருசத்துக் கடமை."

வண்டி மறுபடியும் புறப்பட்டது. உள்ளுக்குள்ளே ஒரு வழக்கு நடந்தது. ஆண்டவரே, செத்தவர்களை எழுப்பின நாளில், எழுந்து வந்தவளைப் பட்டினியாய் அனுப்புவீரோ என்று வாதாடிக்கொண்டே நடந்தேன். அப்போது பூந்தமல்லிக் கோயிலின் மணி அடித்தது. பெரிய வியாழன் முதல் வாய்மூடிக் கிடந்த மணி, முந்தின நாள்தான் நாவைத் திரும்பப் பெற்றிருந்தது. அத்தனை நாள் மௌனத்தையும் ஒரே காலையில் தீர்த்துவிடுவதுபோல் அது முழங்கிற்று. துக்கத்தோடு வந்தவன் நான். என்றாலும் அந்த முழக்கத்தில் என் கால்கள் தாமாகவே விரைந்தன.

கோயிலுக்குள் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். மல்லிகையும் சாம்பிராணியும் புது மெழுகுத்திரியும் கலந்த வாசனை மூச்சை நிறைத்தது. என் மனைவி முக்காடு போட்டுக்கொண்டு, பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கருகே சுவரில் சாய்ந்தபடி வரிசையில் நின்றாள். அங்கே உட்கார்ந்திருந்தவர் அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்த இளஞ்சாமியார், தென்சீமைக்காரர், வயதில் எங்களுக்குச் சின்னவர். அவள் முறை வந்து முழந்தாளிட்டாள். மற்றவர்களைவிட அதிக நேரம் ஆயிற்று. எழுந்து பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். முக்காடு முகத்தை மறைத்திருந்ததால் என்னால் ஒன்றும் அறிய முடியவில்லை. போய்க் கேட்கவும் வழியில்லை.

பூசை தொடங்கிற்று. குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணி ஒலிக்க, அவள் முகம் நிமிர்ந்தது. அதோ, பார்த்துவிட்டாள், இவ்வளவுதான் இவளுக்கு இன்று என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகு கிராதியின்மேல் வெள்ளைத் துணி விரித்தார்கள். பெண்கள் கைகூப்பி ஒவ்வொருவராய் முன்னே போனார்கள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்துத் தூணைப் பற்றினாள். எழுந்தாள்.

மறந்துபோய் எழுந்தாளோ? இல்லை, அவள் மறக்கிறவள் அல்லள். ஆசை மிஞ்சிவிட்டதோ? இல்லை, அவள் அப்படிச் செய்கிறவளும் அல்லள். அப்படியானால் எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது. எனக்குத் தெரியாத ஒரு கதவை என் ஆண்டவர் திறந்திருக்கிறார். இந்த எண்ணம் வந்த கணத்தில் அவள் கிராதியை அடைந்து முழந்தாளிட்டாள், வெள்ளைத் துணியின்கீழ்க் கைகளை வைத்தாள், முகத்தை உயர்த்தினாள். சாமியாரின் கை அவள்முன் நின்றது. பின் அடுத்தவளுக்கு நகர்ந்தது. அதன்பின் நான் எப்படி முன்னே போனேன், எப்படி நற்கருணை வாங்கினேன் என்பது எனக்கு நினைவில்லை. கண்ணீர் கழுத்துவரை வழிந்து சட்டை நனைந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பூசை முடிந்து கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் அவளைக் கண்டேன்.

"எப்படி?" என்றேன்.

"அழுதுகினே தண்ணி குடிச்சத சொன்னேன். ‘எத்தன நாளா படுத்திருக்கீய?’ன்னார். தையிலேந்துன்னேன். ‘காய்ச்சல் விட்டுதா?’ன்னார். நேத்துகூட பல்லு கிட்டிக்கிச்சுன்னேன். அதுக்கு அவர், ‘மாசக்கணக்கா படுத்த நோயாளி மருந்தோ பானமோ குடிச்சிருந்தாலும், சங்கீர்த்தனம் கேக்கற குரு சம்மதிச்சா நன்மை வாங்கலாம். திருச்சபை சட்டத்துலயே எழுதியிருக்கு. நான் சம்மதிக்கேன், போயி வாங்குங்க’ன்னுட்டார்." சாமியாரின் தெக்கத்திப் பேச்சை அப்படியே பேசிக் காட்டினாள். அவள் பேசியது எனக்குத் தேனாய் இனித்தது. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற எனக்கும் அன்றைக்குத்தான் அது தெரியும். அந்தக் கடுமையான கட்டளைக்குள்ளேயே நோயாளிக்கென்று ஒரு பாய் விரித்து வைத்திருந்தாள் தாயாகிய திருச்சபை.

"அபராதம் இன்னா குடுத்தார்?" என்றேன். பாவத்துக்குப் பரிகாரமாகக் குரு விதிப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அவள் முகம் சுளித்தாள். "அதத்தான் கேக்காதீங்க. பத்து செபமாலை குடுத்திருந்தா சுளுவா முடிச்சிருப்பேன். காய்ச்சல் முழுக்க விடற வரைக்கும் வேளா வேளைக்குக் கஞ்சி குடிக்கணுமாம். மொகம் சுளிக்காம குடிக்கணுமாம். குடிக்கறதுக்கு முன்ன, இந்த ஒடம்பு யாருதுன்னு ஒரு வாட்டி நெனைக்கணுமாம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்புகாலில் சென்னீர்குப்பத்தில் அந்தப் பெண் வண்டியை மறித்தாள். "இன்னா கண்ணு, சாமி உள்ள போச்சா?" என்றாள். "போச்சுக்கா" என்றாள் என் மனைவி. "நான் சொல்லல, எடம் இருக்கும்னு" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் கஞ்சி ஒரு வழிபாடாயிற்று. அதுவரை அடுக்களையில் அவளோடு மல்லுக்கு நின்று கிண்ணத்தை நீட்டியவன் நான். அன்று அவளே கிண்ணத்தை எடுத்துவந்து சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின்முன் உட்கார்ந்தாள். என்ன சொல்லிச் செபிக்கப் போகிறாள் என்று கேட்க எனக்குப் பெரிய ஆவல். பதிகமும் அந்தாதியும் என் நாவின் நுனியில் இருந்தன. ஒன்று பாடித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு அவளே பேசினாள்.

"சாமி, இந்த ஒடம்ப நீ குடுத்த. இத நான் பாத்துக்கறேன். என்ன நீ பாத்துக்கோ."

அவ்வளவுதான். முகம் சுளிக்காமல் குடிக்க முயன்றாள். முதல் வாயிலேயே சுளித்தாள். "மன்னிச்சிடு சாமி" என்று சொல்லி இரண்டாம் வாயைக் குடித்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு, நான் கற்ற பாசுரங்கள் எல்லாம் அந்தக் கிண்ணத்தின் ஆவியில் கரைந்துவிட்டன என்று தோன்றிற்று. அன்று முதல் நானும் ஒரு கிண்ணம் கஞ்சியோடு அவள் பக்கத்தில் உட்காரலானேன். வேளைக்கு உண்பதும், களைத்தபோது சாய்வதும், மருந்தை மறவாமல் விழுங்குவதும் செபத்துக்கு இடையூறு என்று எண்ணியிருந்த இரண்டு பேர், அவற்றையே செபமாக்கிக்கொண்டோம். சில நாள் மறந்து குடித்துவிட்டு, வெறுங்கிண்ணத்தை வைத்துக்கொண்டு பின்னால் செபம் சொன்னதும் உண்டு.

காய்ச்சல் உடனே போய்விடவில்லை. வந்தது, இடைவெளி விட்டது, மறுபடி வந்து எட்டிப் பார்த்தது. மழை தொடங்கிய பிறகு ஒருநாள் காலை, குளிர் வரவேண்டிய நாளில் குளிர் வராமல், அவள் முற்றத்தில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "அபராதம் தீந்துபோச்சு" என்றேன் நான். "அவர் தீத்துட்டார். நான் உட மாட்டேன்" என்று சொல்லி அடுப்பில் கஞ்சியைக் கிளறப் போனாள்.

இதை வாசிக்கும் அன்பர்களே, உங்கள் உடம்பு நலம் பெறுக. உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருப்பதாக. படுக்கையில் கிடப்பவர் யாராயினும் அவர் தலைமாட்டில் உயிர்த்த ஆண்டவர் அமர்ந்திருப்பாராக. நீங்கள் உண்ணும் ஒவ்வொரு வாயிலும் அவருடைய சமாதானம் உங்களுக்குள் இறங்குவதாக. ஆமென்.