பொன்னுமணி சிஸ்டர் மறித்த ஜீப்பு

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு காலை ஐந்தரைக்குக் கிளம்பும் ஜீப்பைப் போடி ஆஸ்பத்திரி நர்ஸ் பொன்னுமணி சிஸ்டர் கைநீட்டி மறிக்கிறார்.

"முனீசு, நீ இன்னைக்கு மலையேற வேணாம். எறங்கு."

"அக்கா, ஆளு ஏத்தியாச்சுக்கா" என்று முனகுகிறான் டிரைவர் முனீஸ்வரன்.

"வண்டிய வேற ஆளுட்டக் குடு. ஒன் ரத்தம் மேல போயிட்டா அந்திக்குத்தான் கீழ வரும். அதுவரைக்கும் ஒருத்தி தாங்குவாளா?"

தாங்கவில்லை, எட்டு வருடத்துக்கு முன் பிரசவத்துக்கு வந்த ஒருத்தி. ரத்தம் கொடுக்க வேண்டியவன் மலையிறங்கி வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து போடியில் யாருக்கு என்ன ரத்தம் என்பது சிஸ்டருக்கு மனப்பாடம். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டிலும் ரத்தப் பிரிவைக் கேட்ட பிறகுதான் ஜாதகத்தைக் கேட்டாராம்.

சிசேரியனில் யாருக்கு ரத்தம் மீறிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் அவருடைய சோலி. அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் உண்டு. ஆனால் நேராகக் கேட்டால் நம் பெண்கள் நேராகவா பதில் சொல்வார்கள்? இறந்து பிறந்த பிள்ளையைப் பற்றி நிறைமாதத்தில் வாய் திறக்கக்கூடாது என்பார்கள். சிஸ்டரும் சுற்றி வளைத்துத்தான் வருவார்.

ஜீப்பை மறித்ததற்கு முந்தின நாள், குழந்தையின் கால் கீழே இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு வந்த குரங்கணி செல்லக்கிளி, தலைப்பிரசவம் என்றே சாதித்தாள்.

"ஏலக்கா எடுக்க வருசந்தவறாமப் போவியா ஆத்தா?"

"மூணு வருசத்துக்கு முன்னாடி மட்டும் ரெண்டு மாசம் எந்திரிக்க முடியல, சிஸ்டர்."

பக்கத்திலிருந்த மாமியார் அய்யம்மாள் பலமாக இருமினாள். "நீங்க போயி வெரசா ஒரு டீ வாங்கியாங்க மதினி" என்று அவளை அனுப்பிவிட்டுத்தான் மீதியைக் கேட்டார் சிஸ்டர். தோட்டத்து வீட்டில் இறந்தே பிறந்த பிள்ளை. பாய் நனையப் போன ரத்தம். எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள் செல்லக்கிளி.

ஒருமுறை அப்படிப் போன உடம்பு மறுபடியும் போகலாம். அதிலும் இவளுக்கு ரத்தம் குறைவு, பிரிவோ எளிதில் கிடைக்காத ஓ நெகட்டிவ்.

"ஒரு பாட்டில் போதாதா சிஸ்டர்?" என்றார் டாக்டர் வித்யா.

"மூணு இல்லாமக் கத்தியத் தொடாதீங்க மேடம்."

முனீஸ்வரனும் இன்னும் இரண்டு பேரும் மறுநாள் மலையேறவில்லை. அன்று மாலைக்குள் மூன்று பாட்டில் ரத்தம் சோதனை முடிந்து தயாராக இருந்தது.

அதற்கடுத்த நாள் ஆபரேஷன். பெண் குழந்தை வீறிட்டது. கருப்பை சுருங்க மறுத்தது, ரத்தம் மடை திறந்தது. ஆனால் பாட்டில் முன்பே தொங்கியதால் யாரும் எங்கும் ஓடவில்லை. மூன்றாவது பாட்டில் பாதியானபோது, "நின்னுருச்சு சிஸ்டர்!" என்று கத்திவிட்டார் டாக்டர்.

"நாஞ் சொன்னேன்ல?" என்றார் சிஸ்டர். தன்னடக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. தேரை நிலைக்குக் கொண்டுவந்தவர் போல நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தார்.

மறுநாள் வார்டில் சொந்தபந்தமெல்லாம் தொட்டிலை மொய்த்துக் கிடந்தது. சிஸ்டர் அவர்களை விலக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனார். செல்லக்கிளியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். பத்து விரலிலும் சொடக்கு விழுந்தது.