ரங்கராஜ் சுற்றிய கருப்பு டேப்

வெள்ளகோவிலில் ஒரு நூல் மில்லின் வாசலில் வேஸ்ட் காட்டன் பேல்களை, அதாவது கழிவுப் பஞ்சுப் பொதிகளை, இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் எங்கள் பறவை பார்க்கும் குழுவில் உள்ள பல் மருத்துவர் சாந்தி. "ரங்கராஜ் சார் போயிட்டாருங்க. காலையில காபி குடிச்சுட்டு உட்கார்ந்தவர் எந்திரிக்கவே இல்லை" என்றார். எடை போட்டு முடிக்கும்வரை அங்கே நிற்க முடியவில்லை. மிச்சத்தை டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோவைக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் ரேடியோவைப் போடுவதும் அணைப்பதுமாக வந்தேன்.

உங்களில் பலர் ரங்கராஜை உக்கடம் பெரியகுளத்துக் கரையில்தான் பார்த்திருப்பீர்கள். எனக்கு அவரை அதற்கு முன்பே தெரியும். மில்களுக்குப் பஞ்சு பார்த்துத் தரம் சொல்லும் செலக்டராக இருந்தார். என் பேல்களைத் திருப்பி அனுப்பியதில் அவருக்கு இணையாக யாருமில்லை. பஞ்சு மாதிரி எந்த ஜின்னிங் பேக்டரியிலிருந்து வந்தது என்று எழுதிய சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று பார்ப்பார். ஏன் கவிழ்க்கிறீர்கள் என்று கேட்டேன். "பேரைப் பாத்துட்டா கண்ணு வக்கீலாயிடுமுங்க. அப்புறம் வாதாடத்தான் தெரியும், பாக்கத் தெரியாது" என்றார். பேல் திரும்பி வந்த எரிச்சலில் இருந்த எனக்கு அன்றைக்கு அது ரசிக்கவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஆளிடம் பகை வைத்துக்கொள்வதைவிட டீ குடிப்பது நல்லது என்று மட்டும் புரிந்தது. அந்த டீ பல வருஷம் ஓடியது. என்னைக் குளத்துக்கு இழுத்து வந்தவரும் அவர்தான்.

சென்ற பருவத்தில் குழுவுக்குப் பொதுவாக ஒரு நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குவது என்று முடிவானது. பைனாகுலரில் புள்ளியாகத் தெரிகிற உள்ளான் பறவையை இறகு இறகாகக் காட்டும் தொலைநோக்கி அது. நல்ல ரகம் என்றால் அந்த விலைக்குப் பழைய கார் ஒன்றை வாங்கிவிடலாம். அதனால் சண்டையும் அந்த அளவுக்கு வந்தது. சாந்திக்கு முகப்புக் கண்ணாடி பெரியதாக இருக்கிற கம்பெனியின் மேல் ஆசை. விடியற்காலை மங்கலில் அதுதான் வெளிச்சத்தை அள்ளும் என்றார். வேறு சிலருக்குச் சின்னதன் மேல் ஆசை. எடை குறைவு, தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். இன்டர்நெட்டில் வெள்ளைக்காரன் எழுதியதை ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதையும் ஆறப்போட்டுப் பழக்கமில்லை. தெரிந்த டீலரிடம் பேசி, என் பொறுப்பில் இரண்டையும் வரவழைத்து, பார்த்துத் தீருங்கள் என்று ரங்கராஜிடம் கொடுத்தேன்.

அவர் செய்தது பஞ்சு பார்க்கிறவர் மட்டுமே செய்யக்கூடியது. கரண்ட் வேலைக்குப் பயன்படும் கருப்பு டேப்பை வாங்கி, கம்பெனிப் பெயர், வண்ண வளையம், அடையாளம் எதுவும் தெரியாதபடி இரண்டையும் மம்மி மாதிரி சுற்றிவிட்டார். தெற்குக் கரையில் வடக்கு பார்த்து இரண்டையும் முக்காலிகளில் நிறுத்தினார். கருந்தண்ணீரில் நிற்கிற வெள்ளைக் கொக்கைப் பார்க்கச் சொன்னார். ஓரத்தில் ஊதா நிறம் கசிந்தால் கண்ணாடி மட்டம் என்று கணக்கு. வெயில் ஏறிக் கானல் ஆடுவதற்குள் எல்லோரும் பார்த்துவிட வேண்டும் என்று விரட்டினார்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் முக்காலிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஏனுங்க, ரோடு போட அளக்கறீங்களா? எங்க ஊடு போயிருமுங்களா?" என்று கேட்டார். ரங்கராஜ் சிரிக்காமல், "கொக்கு ஊட்டைத்தானுங்க அளக்கறோம். நீங்களும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்று அவரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். அந்தப் பெரியவரின் கருத்தும் கணக்கில் சேர்ந்தது.

தீர்ப்பு வந்தது. சின்னதே ஜெயித்தது. பெரியதில் எல்லாம் சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது என்று அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். ரங்கராஜும் அதையே சொன்னார். சாந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதுதான் ரங்கராஜ் குளத்தங்கரைக்கு வந்த கடைசி ஞாயிறு.

காரியம் முடிந்த பிறகு சாந்தி உட்பட எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: சார் சொன்னதையே வாங்குவோம், அதில் அவர் பெயரைப் பொறிப்போம். ரங்கராஜின் மனைவி சரோஜினி தானும் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தார். தோற்றதை டீலருக்குத் திருப்பி அனுப்புவதற்காக என் ஆபீசில் உட்கார்ந்து டேப்பைப் பிரித்தேன். கண் வைக்கும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதைத் திருகிக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். இறக்காவிட்டால் கண் தூரத்தில் நின்றுவிடும், காட்சி சுருங்கிவிடும். பெரிய ஸ்கோப்பில் அந்த வளையத்தை ஏற்றி வைத்த நிலையிலேயே டேப் இறுக்கியிருந்தது. சின்னதையும் எடுத்துப் பார்த்தேன், அதில் இறங்கிய நிலையில் இருந்தது. எங்கள் குழுவில் கண்ணாடி போடாதவர்கள் எத்தனை பேர்? ரங்கராஜே சோடாபுட்டி.

வளையத்தை இறக்கி, மாடி ஜன்னலில் வைத்து, எதிர்த்தெரு தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த காக்கையைப் பார்த்தேன். சாவித் துவாரம் இல்லை. ஜன்னல் முழுக்கக் காக்கை.

அதற்குப் பிறகு எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால், செத்த மனுஷனின் கடைசித் தீர்ப்பைத் தப்பு என்று சொல்வதாகும். விட்டுவிட்டால் குழு வருஷக்கணக்காக இரண்டாம் தரத்தைத் தூக்கிக்கொண்டு அலையும், அதுவும் அவர் பெயரால். ஆபீசுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வந்த வியாபாரியிடம் விலையை மாற்றிச் சொன்னேன்.

அப்போதுதான் அன்னூர்ப் பக்கத்து மில் ஒன்றில் நடந்தது ஞாபகம் வந்தது. முதல்நாள் ரங்கராஜ் பாஸ் செய்த பஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் மேனேஜரிடம், "நேத்துப் பாத்தது சரியில்லீங்க. மேகமா இருந்துச்சு. மறுபடி பாத்துடறேன்" என்றார். ஊர் பார்க்க மானம் போகும் என்று மேனேஜர் கத்தினார். "என்ர மானம் ஒருத்தனோட போகுமுங்க. நூலு அந்துச்சுன்னா எல்லாருத்துதும் போகும்" என்று சொல்லிவிட்டு, பேலைக் கிழித்துப் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டார். நான் அங்கே வேறு வேலையாக நின்றிருந்தேன். இப்படி ஒரு ஆள் பிழைப்பு நடத்த முடியுமா என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு வேலை கூடியது.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சாந்தியும் அங்கே இருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தோற்றது அவர் கேட்ட ஸ்கோப்தான், இருந்தும் அந்தத் தீர்ப்பை யாரும் தொடக்கூடாது என்றார். படத்துக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை, அதற்குள் இது தேவையா என்று கேட்டார். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

சரோஜினி படத்தின் மாலையைச் சரிசெய்தார். பிறகு சிரித்தார். "அவருக்கு நல்லாப் பாக்கத் தெரியுமுங்கண்ணா. பொட்டணம் கட்டத்தான் தெரியாது. ஊட்டுல ஒரு பார்சல் அவர் கையில குடுத்ததில்லை" என்றார். சிரிப்பு நின்றதும் சொன்னார்: "அவர் பேரைச் சொல்லிக் கம்மியானதை வாங்கிட்டு, குறையாத் தெரியறப்பெல்லாம் அவரை நெனைப்பீங்களாக்கும்? அது வேண்டாமுங்கண்ணா. மறுபடி பாருங்க."

அடுத்த ஞாயிறு மறுபடி பார்த்தோம். டேப்பை நான்தான் சுற்றினேன், அவரவர் திருகிக்கொள்ளும்படி வளையங்களை மட்டும் விட்டுவிட்டு. சரோஜினியும் வந்திருந்தார். பெரியதே ஜெயித்தது. சின்னதையே விரும்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அவர்கள் தோளுக்கு அது நியாயம்தான். சாந்தி வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "சார் இருந்திருந்தா, தான் கட்டினது தப்புன்னு எங்கிட்டத்தான் முதல்ல சொல்லியிருப்பார்" என்றார்.

முடித்ததை முடித்ததாக விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் என் பழக்கம். அதில்தான் நான் சம்பாதித்தேன். இப்போது லாரி கிளம்பிய பிறகும், ஓடிப்போய் நிறுத்தி ஒரு பேலைப் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. சில நாள் பிரித்தும் பார்க்கிறேன். டிரைவர்கள் முணுமுணுக்கிறார்கள், தொழிலுக்கு இது தொந்தரவுதான். ரங்கராஜிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த ஒன்றுதான். திருப்பி அனுப்புகிற எண்ணம் இல்லை.