சுவரில் ஓர் உள்ளங்கை

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். யாரோ சொல்லிக் கேட்ட கதையில்லை இது. எனக்கே நடந்தது.

என் கணவர் இறப்பதற்கு முந்தைய வாரம், எங்கள் காரின் முன்விளக்குகளில் இருந்த பல்புகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி பல்புகளைத் தானே மாட்டினார். நான் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட வேண்டும். அவர் முன்னால் நின்று ஒரு விளக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மற்றதன் வெளிச்சம் ஷெட் சுவரில் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். பிறகு அடுத்தது.

"டிரைவரம்மா, தூங்கிட்டீங்களா? சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க. போதும், வாங்க."

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

அவர் போன பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது. அணைத்த பிறகும் விளக்குகள் லேசாக மினுங்கின. எல்லா பல்பும் எரியும்போதே, பல்ப் போய்விட்டது என்று டாஷ்போர்டு எச்சரித்தது. தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போய் அந்த மினுக்கலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவராக இருக்கக் கூடாதா என்று ஓர் ஆசை. யாரிடமும் சொல்லவில்லை.

நாத்தனார்தான் வண்டியை விற்றே ஆக வேண்டும் என்று நின்றாள். "அண்ணி, நாளைக்கழிச்சு வண்டி பார்க்க ஆள் வருது. இப்படி கண்ணடிச்சுக்கிட்டு நின்னா வந்தவங்க ஓடியே போயிருவாங்க."

கார் வயரிங் பார்ப்பவரைக் கூப்பிட்டோம். தெருவில் அவருக்கு ஃபியூஸ் என்றுதான் பெயர்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லக்கா. புது வண்டி, உள்ள கம்ப்யூட்டர் இருக்கு. உயிரோட இருக்கான்னு அப்பப்ப துளி கரண்ட் விட்டுப் பார்க்கும். பழைய பல்புக்கு அது உறைக்காது. எல்இடிக்கு அதுவே போதும், மினுங்கும்."

"யாரு உயிரோட இருக்கான்னு?"

"பல்பைச் சொன்னேன்க்கா." அவர் குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் நான் ஆபீஸில் இருந்தபோதே வந்து வேலையை முடித்திருந்தார். "பழைய பல்பையே மாட்டிட்டாராம்," என்று நாத்தனார் போனில் யாருடனோ பேசிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

இருட்டும் நேரம். ஷெட்டுக்குப் போனேன். விளக்குகள் மினுங்கவில்லை. செத்துக் கிடந்தன.

கார் கதவைத் திறந்தேன். உள்விளக்கு எரியவில்லை. அப்போது அது மண்டையில் ஏறவில்லை.

உட்கார்ந்து, கடைசியாக ஒருமுறை சுவிட்சைத் திருப்பினேன்.

சுவரில் இரண்டு வட்டங்கள்... வெள்ளையாக. பழைய பல்புக்கு மஞ்சள் வெளிச்சம்தானே வர வேண்டும்?

இடது வட்டம் இருண்டது. ஓர் உள்ளங்கை. விரல் இடுக்குகளில் வெளிச்சம் கசிந்தது.

முன்னால் யாரும் இல்லை...

கை விலகியது. வலது வட்டம் இருண்டது.

சுவிட்சை அணைத்தேன்.

அணையவில்லை.

டொக்... டொக்... பானெட்டில் விரலால் தட்டும் சத்தம்.

என்னிடம் பதில் கேட்கிறது.

"சரியா... இருக்குங்க. போதும்."

அணைந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. ஷெட் வாசலில் ஃபியூஸ், எதையோ இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்னக்கா, இப்படி வேர்த்திருக்கு?"

"லைட்டைப் போட்டுப் பார்த்தேன்."

அவர் சிரித்தார். "அது எப்படிக்கா எரியும்? உங்க நாத்தனார் சொல்லலையா? சார்ஜ் போட மத்தியானமே பேட்டரியக் கழட்டிட்டுப் போயிட்டேனே. இந்தா, இப்பதான் கொண்டு வரேன்."

பேட்டரியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தவர், பிடிமானத்துக்காக முன்விளக்கில் கை வைத்தார்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கண்ணாடி அவ்வளவு சூடு.

வண்டி பார்க்க இருந்தவரை வர வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். ஏன் என்று நாத்தனார் இன்றுவரை கேட்கிறாள். ஃபியூஸ் மட்டும் கேட்டதே இல்லை.