குர்தாஸ்பூர்க்காரர்

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும், பிழைகளும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தெட்டில் லண்டனில் பாண் என்கிற ரொட்டி சுடும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். சூப்பர்வைசர் ஒரு சீக்கியர். தாடிக்கு நீல வலை போட்டிருப்பார். தேநீர் இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு, மாவு படிந்த மேசையில் தன் குர்தாஸ்பூர் மாவட்டத்தை விரலால் கீறிக் காட்டுவார். ஒரு பக்கம் ராவி ஆறு, மறுபக்கம் பியாஸ். நடுவில் கோதுமை, கரும்பு. பட்டாலாவில் இரும்புப் பட்டறைகள். பிரிவினையில் ராவிக்கு அப்பால் இருந்த துண்டு பாகிஸ்தானுக்குப் போனது. அங்கே பிறந்த அவர், சிறுவயதில் அகதியாக ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தவர்.

“அண்ணை, பூமிசாஸ்திர வகுப்பு முடிஞ்சுதோ?” என்று கூட வேலை செய்த எங்கள் தமிழ்ப் பொடியன்கள் சீண்டுவார்கள். கூச்சத்தில் எனக்கு எழுந்து போகவும் தெரியாது.

அந்த வருடம் என் மனைவியின் தம்பி அகதியாக வந்திருந்தார். வேலை கிடைத்தால்தான் ஊரில் சண்டைக்குள் மாட்டிக்கொண்ட தன் பிள்ளைகளை அவர் கூப்பிடலாம். பல நாள் தயங்கி, சூப்பர்வைசரிடம் கேட்டேன். இருவரும் பேசியது அரைகுறை ஆங்கிலம். எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“இனி அகதியள் வேண்டாம்.”

“நீங்களும் அப்பிடி வந்தனீங்கள்தானே?”

“ஓம், வந்தனான். குர்தாஸ்பூரிலை ஒருத்தனும் எங்களுக்குக் குடிக்கத் தண்ணிகூடத் தரேல்லை. நான் ஏன் தரவேணும்?”

மறுநாளும் கூப்பிட்டார். அந்த ஊர்க் கரும்பின் இனிப்பைப் புகழ்ந்தார். எனக்கும் வேலை தேவை; தலையாட்டினேன். தண்ணீர் தராத ஊரில் அவருக்கு ஏன் அத்தனை பெருமை என்பது இன்றும் விளங்கவில்லை.

மோர்டன், 9 பெப்ரவரி 1997